பட்டறைப் பக்கம்: மழையில் பிடிக்கும் கதவு

ஐப்பசி பிறந்ததிலிருந்து கும்பகோணத்தில் விட்டுவிட்டு மழை. எங்கள் கொல்லையில் பழைய மாட்டுக்கொட்டகைதான் என் பட்டறை. ஓட்டில் ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே ஒரு குண்டானை வைத்துவிட்டு வேலை பார்க்கிறேன். இந்த வாரம் எதிர்வீட்டு அம்மாவின் அரிவாள்மனைக்குப் புதுக்கட்டை செய்து கொடுத்தேன். பழைய கட்டையில் அரிவாளின் கால் இறங்கும் துளை, விளிம்புக்கு மிக அருகில் இருந்தது. அங்கிருந்து நார் பிளந்து, காய் நறுக்கும்போதெல்லாம் அரிவாள் ஆடியிருக்கிறது. ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒரு புளியமரத் துண்டு என்னிடம் இருந்தது. துளையை ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அளவுக்கு மயிரிழை குறைவாகக் குடைந்து, அரிவாளின் காலை மெல்லத் தட்டி இறக்கினேன். அந்த அம்மா இங்கேயே உட்கார்ந்து இரண்டு கத்தரிக்காய் நறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போனார்.

இனி உங்கள் கடிதங்கள்.

எங்கள் வாசற்கதவு தேக்கு. அப்பா காலத்தில் போட்டது. ஒரு வாரமாகத் தோளால் இடித்துத்தான் திறக்கிறோம். என் தம்பி இழைப்புளியோடு வந்து, நாளைக்கே இழைத்துவிடலாம் என்கிறான். இழைக்கலாமா, அம்மா?
— மயிலாடுதுறை வாசகி

தம்பியிடமிருந்து இழைப்புளியை வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். தை பிறக்கட்டும்.

இதைக் கெஞ்சியே கேட்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன். 1998 கார்த்திகையில் எங்கள் கொல்லைக் கதவு இப்படித்தான் பிடித்தது. அப்போது நான் தபால் அலுவலகத்தில் வேலையில் இருந்தேன். எங்கள் தெரு ஆசாரியிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை பழகத் தொடங்கி ஆறு மாதம். கதவைக் கழற்றி, தாழ்ப்பாள் பக்க விளிம்பில் இரண்டு நூல் இழைத்துத் தள்ளினேன். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.) சீவல் சுருள்சுருளாக விழுந்தது. ஒரு விரலால் தள்ளினால் கதவு சாத்திக்கொண்டது. சித்திரை வெயிலில் கதவு தன் பழைய அகலத்துக்குத் திரும்பியபோது, நிலைக்கும் கதவுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் சந்து. பல்லி அதன் வழியாக வந்துபோனது. தாழ்ப்பாள் எட்டவில்லை. ஆசாரி வந்து பார்த்தார். "மரம் குடித்த தண்ணீரை அதுவே திருப்பிக் கொடுத்திருக்குமே, அம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு அதே விளிம்பில் ஒரு தேக்குப் பட்டை ஒட்டிச் சரிசெய்து கொடுத்தார். அந்த ஒட்டுக் கோடு இன்றும் தெரிகிறது. கொல்லைக்குப் போகும்போதெல்லாம் என் கை அதைத் தடவும்.

மரம் அறுபட்டு அறுபது வருடம் ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகத்தான் இருக்கும். ஈரம் புகுந்தால் நார் பருக்கும், நீளாது. அதனால்தான் கதவின் உயரம் மாறுவதில்லை, அகலம் மாறுகிறது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது நீளவாக்கில் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. அகலவாக்கில், மரத்தையும் அறுத்த விதத்தையும் பொறுத்து, மூன்று முதல் பத்துப் பங்கு வரை சுருங்கும். தேக்கு இந்த விஷயத்தில் அடக்கமான மரம். கதவுக்கும் கப்பலுக்கும் அதைத் தேடிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் பலகைகளைச் சேர்த்துச் செய்த மூன்றடிக் கதவு, கோடைக்கும் மழைக்கும் இடையே ஒரு நூல், ஒன்றரை நூல் மாறத்தான் செய்யும்.

பழைய தச்சர்கள் இதை அறிந்தே கதவு செய்தார்கள். உங்கள் கதவு அப்பா காலத்துக் கதவு என்றால், சுற்றிலும் சட்டமும், நடுவில் காடிக்குள் (சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய பள்ளம்) செருகிய பலகையுமாக இருக்கும். அந்தப் பலகை ஒட்டப்பட்டிருக்காது. கோடையில் அதை விரலால் தட்டினால் லேசாக ஆடும். பழுதென்று நினைத்துவிடாதீர்கள், பலகை பருக்கவும் சுருங்கவும் வேண்டுமென்றே விட்ட இடம் அது. சந்து தெரிகிறதே என்று காடிக்குள் பசையையும் பட்டியையும் திணித்துவிடுகிறார்கள். அடுத்த கோடையில் பலகை சுருங்க வழியில்லாமல் நடுவில் வெடிக்கும். எத்தனை நல்ல கதவுகள் இப்படிப் பாழானதைப் பார்த்துவிட்டேன்!

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் மேல் கீலைப் பார்ப்பது. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் அசைந்தால் கோளாறு மழையில் மட்டும் இல்லை. திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறது. திருகாணியைக் கழற்றி, அந்தத் துளைக்குள் சீவிய மூங்கில் குச்சியைப் பசையில் தோய்த்துத் தட்டி இறக்குங்கள். மூங்கில் இல்லையென்றால் மருந்தைக் கிள்ளி எறிந்த தீக்குச்சிகள் நான்கைந்து போதும். ஒரு ராத்திரி காய விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவிவிட்டு, அதே திருகாணியை முறுக்குங்கள். கடைசிச் சுற்றில் மணிக்கட்டு இறுகுவது தெரியும்.

கீல் சரியாக இருந்தால், நிலையின் உள்விளிம்பில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறங்கள். கதவில் எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கேதான் பிடிக்கிறது. பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். அங்கே மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்கள். மழைக்காலத்தைத் தள்ள இது போதும்.

மாசியில் கதவு நன்றாகக் காய்ந்ததும், அதன் அடிவிளிம்பில் ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வர்ணமோ வார்னிஷோ இல்லாமல் மரம் வெறுமையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பூசுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். சட்டங்களின் நார்முனை திறந்திருப்பது அங்கேதான். பலகையின் முகத்தைவிட முனை பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும். மேல்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். தையிலும் மாசியிலும்கூடப் பிடித்தால் அப்போது தம்பியை அழையுங்கள். நீலம் ஒட்டிய இடத்தில் மட்டும், அரை நூல்.

ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய மர அலமாரியின் கீழே தினமும் கோதுமை மாவு மாதிரிப் பொடி கொட்டுகிறது. கரையானா?
— ஈரோடு வாசகி

கரையான் இல்லை. கரையான் மண்ணால் வழி கட்டிக்கொண்டு வரும்; மரத்தை உள்ளே தின்றுவிட்டு மேல்தோலை அப்படியே விட்டுவைக்கும். நீங்கள் சொல்வது உளு. பொடி கொட்டும் இடத்துக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். குண்டூசி நுழையும் அளவில் வட்டத் துளைகள் இருக்கும். ஒரு சின்ன வண்டின் புழு மரத்துக்குள் இருந்து தின்று, வளர்ந்து, வண்டாகி வெளியேறிய வாசல் அது.

இந்தப் புழுவுக்கு வேண்டியது மரத்திலுள்ள மாவுச்சத்து. அது வைரத்தில் (மரத்தின் முற்றிய உள்பகுதியில்) இல்லை. மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளையில்தான் இருக்கிறது. ரப்பர் மரம், மாமரம், மூங்கில் எல்லாம் இதற்கு விருந்து. ரப்பர் மரத்தை அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசல் ஏற்றிப் பக்குவம் செய்வது வழக்கம். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யாமல் விற்ற அலமாரி இது என்றே நினைக்கிறேன்.

இப்போதுள்ள துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு பாலிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மேலே பாலிஷ் இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெண்காரம், 20 கிராம் போரிக் பவுடர் (கேரம் பலகைக்குப் போடுவது) கரைத்து, சூடு இருக்கும்போதே தூரிகையால் மரம் குடிக்கும் மட்டும் பூசுங்கள். துளைகளுக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் செலுத்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் கிட்டே வரவேண்டாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் பாலிஷ். இந்த மருந்து தண்ணீரில் கரையும் என்பதால் வீட்டுக்குள் நனையாமல் இருக்கும் சாமான்களுக்கு மட்டும்தான் சரிப்படும்.

உள்ளே இருக்கும் புழு உடனே சாகாது, அதனால் சில வாரம் பொடி கொட்டலாம். பதற வேண்டாம். பென்சில் வட்டம் இல்லாத புதுத் துளை தெரிகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும் சனி, ஞாயிறுகளில் மரவேலை பழக ஆசை. காணொளிகளில் எல்லாரும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். முதலில் ஓர் ஆங்கிள் கிரைண்டர் வாங்கி, மரம் அறுக்கும் பல்வட்டு பொருத்திக்கொள்ளட்டுமா?
— திருச்சி மாணவர்

வேண்டாம், தம்பி. வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள். அந்தக் கருவி இரும்பையும் கல்லையும் உராய்ந்து அறுக்கச் செய்தது. நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதில் பல் வைத்த வட்டைப் பொருத்தி மரத்தில் வைத்தால், கணு வந்த இடத்தில் பல் மாட்டிக்கொண்டு கருவி கையைவிட்டு எகிறும். எகிறும் திசையில் உங்கள் தொடையோ முகமோ இருக்கும். எங்கள் ஊரில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு தச்சர் இடது கையில் இரண்டு விரல்களை இழந்தது இப்படித்தான். நல்ல கைகாரர். அவர் விரலைப் பார்த்தபின் இதை நான் மென்மையாகச் சொல்ல முடியாது.

கைக்கருவியோடு தொடங்குங்கள். ஒரு கைரம்பம், முக்கால் அங்குலத்திலும் கால் அங்குலத்திலும் இரண்டு உளி, ஒரு சிறிய இழைப்புளி, மூலைமட்டம், இரண்டு முகம் உள்ள சாணைக்கல். கொட்டாப்புளியை (மரச்சுத்தியல்) வாங்காதீர்கள், கருவேலம் துண்டு கிடைத்தால் நீங்களே செய்துகொள்ளுங்கள். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதியுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் மட்டம் சரி. விரிந்தால் அடுத்ததை எடுத்துப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் செய்ய வேண்டாம்; உளி தீட்டுங்கள். புது உளியின் பின்புறத்தைக் கல்லின் சொரசொர முகத்தில் படுக்க வைத்து, நுனிப்பக்கம் ஓர் அங்குலம் கண்ணாடி மாதிரித் தட்டையாகும் வரை தேயுங்கள். பிறகு சரிவை 25 முதல் 30 பாகைக்குள் பிடித்துத் தேயுங்கள். தேய்க்கும்போது கை மேலும் கீழும் ஆடினால் சரிவு உருண்டுவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் அசையுங்கள். பின்புறத்தை விரலால் குறுக்கே தடவினால் நுனி நெடுக மெல்லிய பிசிறு தட்டுப்படும்போது நிறுத்துங்கள். மெல்லிய முகத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்து அந்தப் பிசிறை எடுங்கள். மாம்பலகையின் நார்முனையைச் சீவிப் பாருங்கள். பொடியாக உதிராமல், வெங்காயத் தோல் மாதிரி ஒரே ஏடாக வந்தால் உளி பழகிவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு மணை செய்யுங்கள், உட்கார்ந்து சாப்பிடுகிற மணை. ஓர் அங்குலப் பலகை, அடியில் குறுக்காக இரண்டு கட்டை, அவ்வளவுதான். ஆனால் மரவேலையின் பாதிப் பாடம் அதில் இருக்கிறது. பலகையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது, கட்டை குறுக்கே போகிறது. கட்டையை நான்கு இடத்தில் ஆணி அடித்து இறுக்கினால் பலகை அகலத்தில் அசைய முடியாமல் ஒரு வருடத்துக்குள் வெடிக்கும். பழைய மணைகளில் அடியில் சரிவான காடி வெட்டிக் கட்டையை அதில் பசையில்லாமல் செருகியிருப்பார்கள். அது உங்களுக்குப் பிறகு வரும். இப்போது நடுவில் ஒரே திருகாணியை இறுக்குங்கள். ஓரங்களில், கட்டையில் போடும் துளையை நீள்வட்டமாக அகற்றித் திருகாணியைப் போடுங்கள்.

உப்புத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் 1995இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சேர்த்திருக்கிறது.

பாட்டியின் மேசையில் காபி டம்ளர் வைத்து வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது. அம்மா தினமும் அதைப் பார்த்து வருத்தப்படுகிறார். எடுக்க முடியுமா?
— கோயம்புத்தூர் வாசகி

முடியும். வட்டம் வெள்ளையாக இருந்தால் ஈரம் பாலிஷுக்குள்தான் நிற்கிறது, மரத்துக்குள் போகவில்லை என்று பொருள்.

பாட்டி காலத்து மேசை அவலரக்குப் பாலிஷாகத்தான் இருக்க வேண்டும். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினைக் காய்ச்சி அவல் மாதிரித் தட்டையாக்கி விற்பார்கள். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் பூசுவதுதான் பழைய பாலிஷ். மேசைக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அவலரக்கேதான்.

முதலில் முடி உலர்த்தும் கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில் வட்டத்தின் மேல் அசைத்துக்கொண்டே இருங்கள். பலமுறை இதிலேயே மறைந்துவிடும். மறையாவிட்டால், மெல்லிய துணியில் சலித்த சாம்பலையும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயையும் குழைத்து, நார் ஓடும் திசையில் தேயுங்கள். அதற்கும் மிஞ்சினால், பழைய வேட்டித் துண்டில் ஸ்பிரிட்டைத் தொட்டு, துணி ஈரமாக இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வரும் அளவுக்குப் பிழிந்து, வட்டத்தை ஒரு வீச்சில் வருடுங்கள். நடுவில் நிறுத்தினால் துணி பாலிஷில் ஒட்டிக்கொள்ளும். இதை அம்மாவோடு சேர்ந்து, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

வட்டம் கறுப்பாக இருந்தால் கதை வேறு. அது இரும்புப் பாத்திரத்தின் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்த கறை, மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும். அப்படியானால் இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

இந்த வாரம் பேரனுக்குத் தொட்டில் கட்டை செய்து, ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சுக் கொடுத்தேன். தேன் நிறத்தில் மின்னுகிறது. உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.
— திண்டுக்கல் வாசகர்

படித்ததும் மனம் நிறைந்தது, ஐயா. பேரன் நன்றாகத் தூங்கட்டும். எண்ணெய் முழுதும் இறுகி, வாசனை போன பிறகே தொங்கவிடுங்கள். சில வாரம் ஆகும்.

ஒன்று கேட்கிறேன்: எண்ணெய் துடைத்த துணியை எங்கே போட்டீர்கள்? கசக்கி மூலையில் போட்டிருந்தால் இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே போய் எடுங்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டைக் கக்கும். விரித்த துணியில் அந்தச் சூடு கலைந்துவிடும். கசக்கிய துணியில் அது உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். என் பட்டறையில் ஒரு முறை மதியம் போட்ட துணி, மாலையில் தகரடப்பாவுக்குள் புகைந்துகொண்டிருந்தது. கருகிய எண்ணெய் வாசனை சமையலறை வரை வந்ததால் ஓடிப்போய்ப் பார்த்தேன். டப்பாவுக்கு ஓரடி தள்ளி மரச்சீவல் குவியல். அன்றிலிருந்து எண்ணெய்த் துணியை வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாக உலர்த்தி, விறைத்த பிறகுதான் எறிகிறேன். வாளித் தண்ணீரில் முக்கி வைத்தாலும் சரி.

பாகப்பிரிவினைக்குப் பின் தாத்தா வீட்டை இடித்தார்கள். ஆறு உத்தரங்களும் ஒரு ஜோடி ஜன்னல் கதவும் என் பங்குக்கு வந்தன. ஆணி இருக்கும் என்று எந்த அறுவை மில்லிலும் அறுத்துத் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?
— காரைக்குடி வாசகர்

மில்காரர் சொல்வது நியாயம்தான். ஓர் ஆணி மாட்டினால் அவருடைய வாளின் பல் போய்விடும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, உத்தரத்தின் நான்கு பக்கமும் அங்குலம் அங்குலமாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோங்கள். காந்தம் இழுபடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். தலை உடைந்த ஆணியைச் சுற்றிக் கால் அங்குல உளியால் குடைந்து குறடு பிடிக்க இடம் செய்து பிடுங்குங்கள். பிடுங்கிய ஆணிகளை ஒரு தட்டில் போட்டு மில்லுக்கு எடுத்துப்போங்கள். அதைப் பார்த்தால் மனம் இறங்குவார்.

உங்கள் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்கு நிறைய. நகரத்தார் அங்கே வாணிபம் செய்த காலத்தில் கப்பலில் வந்த மரம். இன்று அதே மரமும் கதவும் தூணும் உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. உங்கள் பங்கு அங்கே போய்ச் சேராமல் உங்களிடமே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. பழைய மரத்தின் அருமைக்கு எங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைவதற்கு ஆச்சா மரம்தான். அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், காய்ந்து முற்றிய மரத்தைத் தேடி வாங்குவார்கள். 2022இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அறுத்ததும் உடனே வேலையைத் தொடங்காதீர்கள். நூறு வருடம் காய்ந்த உத்தரம் என்றாலும், அறுத்தால் அதுவரை உள்ளே இருந்த முகம் புதிதாகக் காற்றைப் பார்க்கிறது. பலகைகளுக்கு இடையே ஒரே கனத்தில் ரீப்பர் துண்டுகளைக் குறுக்கே வைத்து, நிழலில் அடுக்கி, மேலே கனம் ஏற்றி, இரண்டு மூன்று மாதம் விடுங்கள். வளைய வேண்டியது வளைந்து முடியட்டும்.

ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்புக் கறை இருக்கும். கோவை வாசகிக்குச் சொன்ன அதே இரும்பும் துவர்ப்பும்தான். நான் அதைப் பட்டி வைத்து மறைக்க மாட்டேன். அங்கே ஓட்டைத் தாங்கிய சட்டம் இருந்தது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஜன்னல் கதவை மட்டும் அறுக்காதீர்கள். முழுதாகவே சுவரில் ஓர் அலமாரிக்குப் பொருத்துங்கள். அதில் பழைய வர்ணம் இருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட வேண்டாம். அந்தக் காலத்து வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதை அள்ளிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

காய் நறுக்கும் பலகைக்கு எந்த மரம், எந்த எண்ணெய்?
— சிவகாசி வாசகி

புளி. கறிக்கடைக்காரர்கள் நம்பும் மரம் அது. தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி மாதம் ஒரு முறை தடவித் துடைத்தால் போதும். சூரியகாந்தி எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகும். கழுவியபின் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். இரண்டு முகமும் ஒன்றாகக் காய்ந்தால் பலகை வளையாது.

தாத்தாவும் நானும் ஆடும் நாற்காலியைச் சரிசெய்தோம். ஆணி அடித்தோம். பத்து நாளில் திரும்ப ஆடுகிறது.
— சேலம், ஒன்பதாம் வகுப்பு மாணவி

ஆணி அடித்தால் மூட்டு இறுகியது போலத் தெரியும், கண்ணு. ஆனால் நாற்காலியில் ஒவ்வொரு முறை சாயும்போதும் ஆணி தன் துளையைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். முதலில் ஆணியைப் பிடுங்குங்கள். பிறகு ஆடுகிற குறுக்குச் சட்டத்தைக் கொட்டாப்புளியால் தட்டி, முழுவதும் வெளியே எடுங்கள். சட்டத்தின் முனையில் மெலிந்து நிற்பது கழுந்து; அது காலில் உள்ள துளைக்குள் போகிறது. இரண்டிலும் பழைய பசை மஞ்சள் படலமாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி வெறும் மரம் தெரியச் செய்ய வேண்டும், ஏனென்றால் புதுப் பசை பழைய பசையின் மேல் பிடிக்காது. கழுந்து தளர்வாக இருந்தால் மெல்லிய மரச்சீவல் ஒன்றைப் பசையோடு சுற்றிச் செருகுங்கள்.

இறுக்கிப் பிடிக்கக் கருவி இல்லையே என்று நினைக்காதே. கிணற்றுக் கயிற்றை இரண்டு கால்களையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடு. கயிறுகளுக்கு நடுவே ஒரு குச்சியை விட்டு முறுக்கு. கயிறு முறுகமுறுகக் கால்கள் நெருங்கும். மூட்டிலிருந்து பசை சின்ன முத்துகளாகப் பிதுங்கும்போது நிறுத்தி, குச்சியைச் சட்டத்தில் முட்டுக் கொடுத்துவிடு. பசையை ஈரத்துணியால் துடை. நான்கு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று தாத்தாவைக் குனிந்து பார்க்கச் சொல். ஒரு நாள் முழுதும் யாரும் உட்காரக் கூடாது.

எட்டு வயதுப் பேத்தி, நானும் ஆணி அடிக்கிறேன் என்று சுத்தியலைப் பிடித்துக்கொள்கிறாள். விரலில் அடித்துக்கொள்வாளோ என்று பயம். கொடுக்கலாமா?
— நாகர்கோவில் வாசகி

கொடுங்கள். கனமில்லாத சுத்தியல், ஓர் அங்குல ஆணி, கணு இல்லாத மிருதுவான மரத்தில் தடித்த துண்டு. அதை அவள் இடுப்பு உயரத்துக்கு, ஆடாத பெஞ்சில் வையுங்கள். ஆணியை அவள் விரலால் பிடிக்க வேண்டாம். பழைய சீப்பின் பற்களுக்கு நடுவே செருகி, சீப்பின் மறுகோடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆணி தானாக நின்றதும் சீப்பை உருவிக்கொள்ளட்டும். சுத்தியல் பிடியின் கடைக்கோடியைப் பிடிக்க வேண்டும். கழுத்தைப் பிடித்தால் அடி இறங்காது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவள் கையைப் பிடித்து அடிக்காதீர்கள். முதல் ஐந்தாறு ஆணி வளையும். அவற்றை அவளே பிடுங்க ஒரு குறடும் வேண்டும். சின்னக் கைக்கு அடங்குகிற அளவில் பார்த்து வாங்குங்கள்.